பள்ளிக்கூட இன்சூரன்ஸ் பற்றி நீ கேட்டதற்கு

சேவியர்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் தபால்காரர் தப்பாகக் கொடுத்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். டிரில் மாஸ்டர் வேலைக்குப் படிக்கப் போன நாள் தொட்டு நீ எழுதியதெல்லாம் அம்மாவுக்கு. கடைசி வரியில் 'அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்' என்று இருக்கும், எனக்கு அவ்வளவுதான் பங்கு. உன் அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணுமாம், கம்பெனி அனுப்பின தாளைப் படிச்சுப் பாத்துச் சொல்லச் சொல்லுதான்" என்றேன். "அம்புட்டுத்தானா?" என்று அவள் முகம் தொங்கிப் போயிற்று. எனக்கு அது போதுமாக இருந்தது. நாசரேத்துப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த கையோடு, இந்த மனுசனிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது என்று உனக்குத் தோன்றியதே, அதைச் சொல்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ அனுப்பிய அச்சுத்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். முன்பக்கத்தில் ஓடுகிற பிள்ளை, தாண்டுகிற பிள்ளை என்று படமெல்லாம் போட்டு ஜோராகத்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்து. அதில் 'பள்ளி வளாகத்தில்' என்று ஓரிடத்தில் வருகிறது. உன் பிள்ளைகள் ஏரலுக்கும் திருச்செந்தூருக்கும் மேட்சுக்குப் போவார்கள், போவதோ லாரியில் நின்றுகொண்டு. வெளியூர் மைதானம் சேருமா, போகிற வருகிற வழி சேருமா, காலையில் மணி அடிக்கும் முன்னால் நீ ஓட விடுவாயே அது சேருமா என்று எழுதிக் கேள். ஏஜென்ட் சிரித்த முகத்தோடு "எல்லாம் சேரும் சார்" என்பான். சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல், அப்போது முகத்தைப் பார்.

அடுத்து 'தகுந்த காலணியும் பாதுகாப்புச் சாதனமும் அணிந்திருக்கும்போது' என்று ஒரு வரி. இதை எழுதியவன் நம் பக்கத்துப் பிள்ளைகள் பந்தாடுவதைப் பார்த்ததே இல்லை. பூட்ஸ் போட்டு ஆடுகிறவன் எத்தனை பேர் உன் பள்ளிக்கூடத்தில்? வெறுங்காலோடு ஆடி விரல் பெயர்ந்தவனிடம் இந்த ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள். அந்த வரியை அடிக்கச் சொல். மாட்டேன் என்றால் வேறு இடம் பார்க்கும்படி ஹெட்மாஸ்டரிடம் சொல். புதுசாக வந்த வாத்தியார் இப்படிப் பேசலாமா என்று கூச்சப்படாதே. இதில் கூச்சப்பட்டால் நாளைக்கு ஒரு தாய் முன்னால் தலையைக் குனிய வேண்டிவரும்.

மூன்றாவது, டாக்டர் சர்டிபிகேட். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் பார்த்த அத்தாட்சி இருந்தால்தான் பணம் என்கிறது தாள். அங்குள்ள கிராமங்களில் கை கால் ஒடிந்தால் பாதிப் பேர் கட்டு வைத்தியரைத் தேடித்தான் போவார்கள் என்று உனக்கே தெரியும். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவித் துணியைச் சுற்றுகிறவர் ரசீதா கொடுப்பார்? ஆகவே பிள்ளை விழுந்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வேலையும், அங்கே நிலைத்து இருக்க வைக்கிற வேலையும் பள்ளிக்கூடத்தினுடையது என்று வைத்துக்கொள்.

இந்த இடம் வரைக்கும் வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். இந்த வரியை எழுதுகிறபோது உன் சிநேகிதன் சுடலைமுத்துவின் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? உனக்கும் வந்திருக்கும். வந்தும்தான் என்னிடம் கேட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாயே, தார்ப்பாய்க் கதை, அது நினைவிருக்கிறதா? ஐப்பசி மாதம். கொழும்புக்குப் போகிற தோணியில் ஏற்றுவதற்காக ஒரு வியாபாரி சீனி மூட்டைகளைத் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருந்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சுமை தூக்குகிறவர்கள், "அண்ணாச்சி, தார்ப்பாய் எடுத்து மூடட்டா?" என்று கேட்டார்கள். அவருக்குத் தார்ப்பாய் வாடகை கொடுக்க மனசு வரவில்லை. "எதுக்குலே? இன்சூரன்ஸ் கட்டியிருக்கு. நனைஞ்சா நனையட்டும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். மழை கொட்டிற்று, சீனி பாகாகிக் கடலுக்குள் ஓடிற்று. மறுநாள் சேதம் பார்க்க வந்த சர்வேயர் மூட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "தார்ப்பாய் எங்கே?" என்று மட்டும் கேட்டார். ஈட்டுப் பணம் கேட்ட கிளெய்ம் அங்கேயே படுத்துவிட்டது. சரக்கு இன்சூரன்ஸில் அதுதான் சட்டம். இன்சூரன்ஸ் இருந்தாலும், இன்சூரன்ஸே இல்லாதவன் தன் சரக்கைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்வானோ அதையெல்லாம் செய்திருக்க வேண்டும். "அப்பம் அன்னைக்கு மீனெல்லாம் பாயாசம் குடிச்சிருக்கும்" என்று சொல்லி நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

ஆனால் அந்தச் சட்டம் எனக்கு எப்போதாவதுதான் வேலைக்கு வரும். நாள் தவறாமல் வந்தது வேறொன்று. துறைமுகத்துச் சரக்கை விடுவிக்கிற கிளியரிங் ஆபீசில் கிளெய்ம் பார்க்கிற குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்றே மேனேஜர் எனக்குச் சொல்லித் தந்தது அது. சேதம் நடந்தால் வாயைத் திறக்காதே. மூட்டை கிழிந்தால் கப்பல்காரன் படகுக்காரனைக் கை காட்டுவான், படகுக்காரன் கூலியாளைக் கை காட்டுவான். இதற்கு நடுவில் எவன் 'ஐயோ, தப்பு நடந்துபோச்சே' என்று முதலில் சொல்கிறானோ அவன் தலையில்தான் எல்லாம் விடியும். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால்கூட அதை ஒப்புதல் என்று ஃபைலில் கோத்துவிடுவார்கள். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஆபீசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், உன் பள்ளி மைதானத்தில் ஏரல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு கால்பந்து மேட்ச். நானும் வந்திருந்தேன். கொற்கையிலிருந்து வந்த சுடலைமுத்து அவர்கள் பக்கம் ஓரத்தில் ஆடுகிறவன், நீ நம் பக்கம் பின்னால் காவல். ஒவ்வொரு வருஷமும் போட்டிகளில் சந்தித்துச் சந்தித்து நீங்கள் இரண்டு பேரும் சிநேகிதமாகி இருந்தீர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே டிரில் மாஸ்டர் படிப்புக்குப் போவது என்று பேசி வைத்திருந்ததை அம்மா சொல்லித் தெரியும். அவன் பந்தைக் கொண்டுவந்தான், நீ குறுக்கே பாய்ந்தாய். பந்துக்குத்தான் காலை நீட்டினாய், அதை என் கண்ணால் பார்த்தேன். பந்து போய்விட்டது, உன் கால் அவன் முழங்காலுக்குக் கீழே பட்டது. அந்தச் சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது. நீ அவன் பக்கத்தில் மண்டியிட்டு, இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணியை எடுத்து அவன் முகத்து வேர்வையையும் மண்ணையும் துடைத்துக்கொண்டே இருந்தாய். அவன் வலியில் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இங்கே டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை அம்மா சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிப் பையில் போட்டு வைத்திருந்தாள். நீ தலை சீவி, செருப்பைப் போட்டு, வாசலில் நின்றாய். அதற்குள் எனக்குச் சேதி வந்திருந்தது. பிள்ளைகளுக்கு அடிபட்டால் கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் எந்த ஏற்பாடும் இல்லையாம், அந்தப் பையன் வீட்டார் யாரிடம் செலவு கேட்பது என்று விசாரிக்கிறார்களாம். அவ்வளவுதான், எனக்குள் இருந்த குமாஸ்தா எழுந்து உட்கார்ந்துவிட்டான். "எங்கன போற? அங்கன போவாத. இப்பம் நீ போயி நின்னா நாமதான் செஞ்சோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ரெண்டு நாள் பொறு, என்ன பேசுதாங்கன்னு பாப்போம்" என்றேன். "அப்பா, அவன் அங்கன தனியாக் கிடக்கான்" என்றாய். உன் அம்மா, "ஏங்க, அடிபட்ட பிள்ளைய எட்டிப் பாக்காம இருந்தா மனுசங்கன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்று அவளையும் அதட்டினேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாய். அந்தச் சாத்துக்குடியை இரண்டு நாள் கழித்து அம்மா பிழிந்தாள். நீ அந்தத் தம்ளரைத் தொடவில்லை.

நான் பொறு என்று சொன்ன அந்த இரண்டு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெல் அறுப்புச் சமயம். சுடலைமுத்துவின் அப்பாவுக்கு இங்கே ஒரு முகம் தெரியாது. பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுக்க ஆளில்லை, டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆளில்லை. நம் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. உன் அம்மா இரண்டு வேளை கஞ்சி கொண்டுபோயிருப்பாள், நான் டாக்டரிடம் பேசியிருப்பேன், அவர்களும் இருந்திருப்பார்கள். நாம் போகவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய், மாவுக்கட்டைப் பிரித்து, கட்டு வைத்தியரிடம் கட்டினார்கள். வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாதியில் பிரித்த கட்டு, யார் கட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகக் கூடிற்று. அவர்கள் நம்மிடம் செலவு கேட்டு வரவே இல்லை. நான்தான் வராத கிளெய்முக்குப் பயந்து கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

அதன் பிறகு உன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் என்ன என்று பேச்சு வந்தது. இதில் விவரம் தெரிந்தவர் என்று என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நானும் எழுந்து அழகாகத்தான் பேசினேன். கப்பலுக்கு உண்டு, உப்பு மூட்டைக்கு உண்டு, துறைமுகத்தில் சுமை தூக்குகிறவருக்கு அடிபட்டால் ஈடு உண்டு, நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லையா என்று கேட்டேன். கைதட்டினார்கள். ஆனால் ஒரு தகப்பனார் எழுந்து, "பிள்ள விழும்னு நாமளே காசு கட்டி வைக்கவா? நல்ல வாய்க்கு நல்ல சொல்லு சொல்லுங்கய்யா" என்றார். பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள், திட்டம் அதோடு நின்றுபோயிற்று. வீட்டுக்கு வந்து, ஊர்க்காரர்களுக்கு அறிவில்லை என்று அம்மாவிடம் பொருமிக்கொண்டிருந்தேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கூட்டத்துக்குச் சுடலையோட அப்பா வந்தாரா?" என்று கேட்டாய். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவர் வேறு பள்ளிக்கூடத்துத் தகப்பன் என்று சொல்லியிருக்கலாம். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து நம் இரண்டு பேருக்கும் நடுவில் 'சாப்பிட்டியா', 'கிளம்பிட்டியா' தவிர வேறு பேச்சு இல்லாமல் போயிற்று. நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன், கத்தினவன் பிறகு இறங்கியும் வருவான். நீ தனியாகப் படிக்கப் போனாய். பெட்டியைக் கட்டும்போது, "சுடலை வந்திருக்க வேண்டியது" என்று அம்மாவிடம் சொன்னாயாம். நீ ஏன் பிறகாவது அவனைப் போய்ப் பார்க்கவில்லை என்று நான் கேட்க மாட்டேன். போகாமல் இருந்த நாள் கூடக் கூட, போய் நிற்பதற்கு முகம் இல்லாமல் போய்விடும். அதை உனக்குப் பழக்கிவிட்டவன் நான்.

ஆபீசில் இத்தனை வருஷம் இருந்தும் ஒப்புதல் என்று ஒரு வரி நான் எழுதிக் கொடுத்ததில்லை. இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு உன்னைத் தடுத்தது தப்பு. அந்தத் தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. அதனால் அந்தப் பையனுக்கு நேர்ந்ததில் எனக்குப் பங்கு உண்டு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீ எந்த ஃபைலில் வேண்டுமானாலும் கோத்து வைத்துக்கொள். தொழில் எனக்கு இரண்டு பாடம் சொல்லித் தந்தது. வாயை மூடு என்பதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தார்ப்பாயை எடு என்பதை உனக்குச் சிரிக்கிற கதையாக மட்டும் சொன்னேன். பெரிய துக்கமாகத்தான் இருக்கிறது, மக்கா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவள் ஒரு பையில் சாத்துக்குடி வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ஏரலில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கேட்டுக் கேட்டுப் போனேன். சுடலைமுத்து பம்புசெட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். உயரமாக, மீசை வைத்துக்கொண்டு, ஆள் மாறியிருந்தான். என்னைக் கண்டதும் விந்தி விந்தி நடந்து வந்தான். நான் இன்னார் என்று சொல்லத் தொடங்கினேன். "தெரியும்யா, சேவியர் அப்பாதான? மேட்சுல பாத்திருக்கேம்லா. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றான். வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் கேட்டான். "இப்பமும் எடது கால்லதான் அடிக்கானா?" என்றான். நீ டிரில் மாஸ்டர் ஆகிவிட்டாய் என்று சொன்னேன். அவன் வழியில் குறுக்கே கிடந்த வாழை மட்டையை எடுத்து ஓரத்தில் போட்டான். பிறகு, "ரெண்டு பேர்ல ஒருத்தனாவது ஆனானே" என்றான்.

அவன் அப்பாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் போனேன். அவர் இறந்துவிட்டார். சுவரில் அவர் படத்துக்குப் பூப் போட்டிருந்தார்கள். சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் வேறு சாமான் அதிகம் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு மர நாற்காலி கிடந்தது. அதைத் துண்டால் தட்டி என் பக்கம் இழுத்துப் போட்டான். எனக்கு உட்காரக் கூச்சமாக இருந்தது. "உக்காருங்கய்யா. உங்களுக்காவ வாங்குனதுதான்" என்றான். எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான். "அப்பம் எங்கய்யா, டவுன்லேர்ந்து வெவரமானவங்க, பாக்க வருவாங்க, தரையில உக்கார வைக்கக் கூடாதுன்னு தலைவர் வீட்டுல ஒரு நாக்காலி கேட்டு வாங்கிப் போட்டிருந்தாவ. ரெண்டு வாரம் போட்டிருந்தோம். தலைவர் வீட்டுல விசேஷம்னு திருப்பிக் கேட்டாங்க, குடுத்துட்டோம். நாம குடுத்த பொறவு சேவியர் வீட்டுல இருந்து வந்துட்டா என்ன செய்யன்னு, எங்கய்யா வாழைத்தார் வித்த கையோட சொந்தமா ஒண்ணு வாங்கிட்டாவ." இதைக் குறையாகச் சொல்லவில்லை, சேவியர். நாற்காலி வந்த கதையைத்தான் சொன்னான். நான் அதில் உட்கார்ந்து அழுதேன். அவன் இளநீர் வெட்டப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றான்.

உன் பள்ளிக்கு அந்த இன்சூரன்ஸை எடுக்கச் சொல், நான் சொன்ன வரிகளைத் திருத்தி எடுக்கச் சொல். அது வேண்டும், அதில்லாமல் கிராமத்துத் தகப்பன் ஒருவனால் ஆஸ்பத்திரியில் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் உன் மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால், எந்தத் தாளும் இல்லாதவனைப் போல நீ ஓடு. இடித்தவனையும் கையோடு கூட்டிக்கொண்டு ஓடு. யார் மேல் தப்பு என்று பேச ஆள் பிறகு வருவார்கள்.

நாசரேத்திலிருந்து ஏரலுக்கு பஸ் இருக்கிறது. நான் கிளம்பும்போது அவனிடம், "சேவியருக்கு என்ன சொல்ல?" என்று கேட்டேன். சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"வரச் சொல்லுங்கய்யா. நாக்காலி அங்கனயேதான் கிடக்கு."

அப்பா